முறைப்பாடு: ட்ரெய்லரின் கழிவறைத் தண்ணீர்க் குழாயில் இருமுறை திருத்தியும் நிற்காத ஒழுக்கு

ஸ்காபரோ, ஒன்ராறியோ
2025 ஆகஸ்ட் 5

பெறுநர்: முகாமையாளர், திருத்த வேலைப் பிரிவு

ஐயா,

2023 வசந்தத்தில் உங்களிடம் முகாமிடப் போகும்போது வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும், 22 அடி நீளமான, பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கியவன் நான். தமிழில் பேசி, தமிழில் விளக்கம் கேட்டு வாங்கலாம் என்பதற்காகவே உங்களைத் தேடி வந்தேன். இந்த முறைப்பாட்டையும் அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். தொலைபேசியில் நான்கு தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆட்கள் எடுத்தார்கள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இனி யாருக்கும் மறுபடி சொல்லத் தேவையில்லாதபடி முழுவதையும் எழுதித் தருகிறேன்.

விஷயம் இதுதான். கழிவறைக்குத் தண்ணீர் வரும் பிளாஸ்டிக் வால்வு குளிரில் வெடித்திருந்தது. குளிருக்கு முன் குழாய்களைப் பாதுகாக்கும் வேலையைக் காசு வாங்கிச் செய்தவர்கள் நீங்கள். அந்த வெடிப்பைப் பார்க்காமலே இரண்டு தடவை திருத்தியதாகச் சொல்லிக் காசு வாங்கியவர்களும் நீங்கள். இன்றைக்குக் கழிவறைத் தரை உக்கிப்போய்க் கிடக்கிறது.

2024 அக்டோபர் 19 அன்று ட்ரெய்லரை உங்களிடம் கொண்டுவந்து விட்டேன். தண்ணீர்த் தொட்டியை வடித்து, சுடுநீர்த் தாங்கிக்குள் போகாதபடி அதை விலக்கி, எல்லாக் குழாய்களுக்குள்ளும் குளிரில் வெடிக்காமல் காக்கும் பிங்க் நிற ஆன்டிஃப்ரீஸ் திரவத்தை ஏற்றித் தருவதற்கு வரியுடன் 165 டொலர் கட்டினேன். குளிர்காலம் முழுவதும் ட்ரெய்லர் உங்கள் முற்றத்திலேயே நின்றது. 2025 மே 3 அன்று எடுத்து வரும்வரை எங்கள் வீட்டார் எவரும் அதைத் தொடவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தி முதன்முதலில் தண்ணீர் விட்டபோது சமையல் குழாயில் பிங்க் நிறத் தண்ணீர் வந்தது. கைகழுவும் குழாயிலும் ஷவரிலும் வந்தது. கழிவறையில் தண்ணீர் விடும் பெடலை மிதித்தபோது மட்டும் வெறும் தண்ணீர்தான் வந்தது. "இதுக்குள்ள மட்டும் ஏன் நிறம் வரேல்லை?" என்று என் மனைவி கேட்டார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். ஆன்டிஃப்ரீஸ் ஏற்றும்போது எல்லாக் குழாய்களையும் திறப்பவர்கள் கழிவறைப் பெடலை மிதிக்க மறப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தவறு. மிதித்து, பிங்க் நிறம் வரும்வரை காத்திருக்காவிட்டால் அந்த ஒரு வால்வுக்குள் மட்டும் தண்ணீர் தங்கிவிடும். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பெக்ஸ் எனப்படும் வளையக்கூடிய குழாய் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். வால்வின் பிளாஸ்டிக் கொடுக்காது.

மே மாதத்து விக்டோரியா நாள் நீண்ட வார இறுதிக்கு சான்ட்பேங்ஸ் பூங்காவுக்குப் போனோம். அங்கே முகாம் இடத்துக்கு மின்சாரம் மட்டுந்தான் உண்டு, தண்ணீர் இணைப்பு இல்லை. நிரப்பும் இடத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டு போய், ட்ரெய்லரின் 12 வோல்ட் பம்பை நம்பித்தான் இருக்க வேண்டும். முதல் இரவு இரண்டு மணியளவில் பம்ப் தானாக ஓடியது. இரண்டு வினாடி ஓடி நின்றது. பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடியது. ஒருவரும் குழாய் திறக்கவில்லை. யாரும் திறக்காமல் பம்ப் ஓடினால் எங்கோ அழுத்தம் இறங்குகிறது, அதாவது எங்கோ ஒழுகுகிறது என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்க, கழிவறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "தம்பி, கால் வைக்கிற இடம் ஈரமாக் கிடக்கு." காலுறை பாதிக்குமேல் நனைந்திருந்தது.

என் அம்மாவுக்கு 74 வயது. ஒரு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர். பொதுக் கழிவறைக்கு இருட்டில், மணலிலும் சரளைக் கல்லிலும் நடந்துபோக அவரால் முடியாது. கட்டிலிலிருந்து நாலு எட்டில் கழிவறை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் கூடாரத்தை விட்டு ட்ரெய்லர் வாங்கினோம். வாங்கும்போது இதை உங்கள் விற்பனையாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

மே 24 அன்று உங்களிடம் கொண்டுவந்தேன். உங்கள் திருத்துநர் கொமோட்டுக்குப் பின்னால் கைவிட்டு, குறட்டால் நட்டை இறுக்கினார். பிளாஸ்டிக் நட் கிறீச்சென்று முனகியது எனக்கும் கேட்டது. "அண்ணை, இனி ஒரு சொட்டும் வராது" என்றார். 140 டொலர். தொட்டியில் தண்ணீர் இல்லை, பம்ப் போடவில்லை. அழுத்தம் இல்லாத குழாய் ஒழுகாது, ஐயா. காய்ந்து கிடக்கும் குழாயைப் பார்த்துவிட்டு ஒழுக்கு நின்றது என்று எப்படிச் சொல்லலாம்? அந்த நட்டைக் கையால் இறுக்கினாலே போதும். ஏற்கெனவே வெடித்த பிளாஸ்டிக்கைக் குறடு போட்டு முறுக்கினால் வெடிப்பு நீளத்தான் செய்யும்.

ஜூன் 21 அன்று போன் எக்கோ பூங்காவில் மறுபடி அதே பம்ப் சத்தம், அதே ஈரம். பம்பை நிறுத்திவிட்டு வாளியில் தண்ணீர் வைத்துச் சமாளித்தோம். இரண்டாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரவில் எங்களை எழுப்ப வேண்டி வரும் என்று நினைத்து, ஒருவரிடமும் சொல்லாமல் தாகத்தோடு இருந்திருக்கிறார். நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் பெண். பேரப்பிள்ளைகளோடு அங்கே ஏரியோரத்திலுள்ள மசினோ பாறையைப் படகிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், தலை சுற்றுகிறது என்று கரையிலேயே இருந்துவிட்டார். இதைப் பற்றுச்சீட்டில் எழுத முடியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஜூன் 28 அன்று இரண்டாவது திருத்தம், 215 டொலர். இந்தத் தடவை இணைப்பைச் சுற்றி சிலிக்கோன் பூசி அனுப்பினீர்கள். கொமோட்டைக் கழற்றிப் பார்க்கும்படி நான் கேட்டேன். அதற்குத் தேவையில்லை, அது பெரிய வேலை என்றார்கள். அழுத்தத்தோடு வரும் தண்ணீரை வெளியே பூசிய சிலிக்கோன் தடுக்காது. நாலு நாள்கூட நிற்கவில்லை.

ஜூலை 19 அன்று நானே கழற்றினேன். நான் குழாய் வேலை படித்தவன் அல்ல, கணக்காளர். தொட்டியை நிரப்பி, பம்பைப் போட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். பெக்ஸ் குழாயில் சுற்றிய தாள் காய்ந்தபடி இருந்தது. நட்டில் சுற்றியதும் காய்ந்திருந்தது. வால்வின் உடம்பில் சுற்றியது மட்டும் ஊறிப்போயிருந்தது. பிறகு பம்பை நிறுத்தி, பெடலை மிதித்து அழுத்தத்தை இறக்கி, தண்ணீர் இணைப்பைக் கழற்றி, தரையிலுள்ள இரண்டு நட்டையும் எடுத்தேன். கொமோட் கையோடு வந்துவிட்டது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய வேலை என்று உங்கள் ஆட்கள் சொன்னது இதைத்தான்.

வால்வை டோர்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, தண்ணீர் நுழையும் பக்கத்தில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. விரலால் அமத்தினால் கோடு வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. கீழே தரை விரிப்பைத் தூக்கினேன். பலகை கறுத்து, ஊதி, ஓரத்தில் இதழ் இதழாகப் பிரிந்திருந்தது. ஸ்குரூ டிரைவரை மெதுவாக வைத்தாலே ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனது. ஷவர் பக்கத்துச் சுவரின் அடியும் ஈரம். மே மாதமே கொமோட்டைக் கழற்றியிருந்தால் இந்தப் பலகை தப்பியிருக்கும். எனக்கு அடங்காத கோபம் இதில்தான்.

புதிய வால்வும் தரைக்கான புதிய ரப்பர் சீலும் வாங்க 52 டொலர் ஆனது. நட்டைக் கையால் மட்டும் இறுக்கினேன். ஒழுக்கு நின்றது. ஓர் இரவு முழுவதும் பம்பைப் போட்டு வைத்தும் ஒரு தடவைகூட அது தானாக ஓடவில்லை. உக்கிய தரையை மாற்ற வேறோர் இடத்தில் 1,850 டொலர் கேட்டு எழுதித் தந்திருக்கிறார்கள்.

வேலை செய்த அந்தத் தம்பியின் சம்பளத்தில் கைவைக்கும்படி நான் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் வரிசையாக ஏழெட்டு வாகனங்கள் நின்றன, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் என்று அவருக்குச் சொல்லியிருந்தீர்கள். அரை மணி நேரத்தில் தொட்டி நிரப்பி, அழுத்தம் ஏற்றி, ஒழுக்குத் தேட முடியாது. அந்த நேரக் கணக்கைப் போட்டது நிர்வாகம், பொறுப்பும் நிர்வாகத்துடையது.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, நுகர்வோருக்கு வழங்கும் சேவை நியாயமாக ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்று வழங்குபவர் உத்தரவாதம் கொடுத்ததாகவே கருதப்படும். கழிவறைக் குழாயை விட்டுவிட்டு ஏற்றிய ஆன்டிஃப்ரீஸும், அழுத்தம் ஏற்றிச் சோதிக்காத இரண்டு திருத்தங்களும் அந்தத் தரத்தில் இல்லை.

ஆகவே அக்டோபர் வேலைக்கும் இரண்டு திருத்தங்களுக்கும் நான் கட்டிய 520 டொலரையும், உதிரிப்பாகங்களுக்கான 52 டொலரையும் திருப்பித் தாருங்கள். தரையை மாற்றும் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். உங்களிடமே தரை வேலை செய்யத் தருவதாக இருந்தால், உக்கிய பலகை முழுவதையும் எடுத்து, கீழுள்ள காப்புறையின் ஈரத்தைக் காயவைத்து, மூடுவதற்கு முன் எனக்குக் காட்ட வேண்டும். மேலே புதிய விரிப்பைப் போட்டு மறைக்கும் வேலைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். இன்னுமொன்று, இது பணம் சம்பந்தப்பட்டதல்ல. சென்ற அக்டோபரில் அதே வேலைக்கு உங்களிடம் ட்ரெய்லர் விட்ட மற்றவர்களையும் கூப்பிட்டு, கழிவறை வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப் இரவில் தானாக ஓடுவதைக் கேட்டும் காரணம் தெரியாமல் இருப்பவர்கள் அவர்களில் இருக்கலாம்.

ஆகஸ்ட் 20க்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்குப் பதிவேன். மூன்று பற்றுச்சீட்டுகளின் பிரதிகள், தரையின் படங்கள் ஆறு, மற்ற நிறுவனத்தின் விலைக் கணிப்பு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். வெடித்த வால்வை அனுப்பவில்லை, பையில் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க விரும்பினால் வார நாட்களில் மாலை ஆறு மணிக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். ட்ரெய்லர் வாசலில்தான் நிற்கிறது, தரை திறந்தபடி இருக்கிறது.

இப்படிக்கு,
2023 முதல் உங்கள் வாடிக்கையாளர்