மதுரைக்கு வடக்கே ஒரு கோடு

அன்புள்ள சேகர்,

கடிதமும் வரைபடங்களும் வந்து சேர்ந்தன. பேத்தி பிறந்த சேதியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தாத்தாவான கையோடு உலகம் பூராவுக்குமான தாவரக் குறியீட்டையும் (செயற்கைக்கோள் தரவிலிருந்து நிலத்தின் பசுமையைச் சொல்லும் எண்) தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறாய்! மொத்தத்தையும் ஓட்டுவதற்கு முன் சொந்த ஊரை வைத்துச் சோதித்தாயே, அது நல்ல புத்தி.

நீ அனுப்பிய வரைபடத்தில் மதுரைக்குச் சற்று வடக்கே கிழக்கு மேற்காக ஓடும் அந்த மெல்லிய கோடு ஆறும் இல்லை, ரோடும் இல்லை. அது பத்தாவது அட்சரேகை. டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் தரவு உலகத்தை 36-க்கு 18 டைல்களாக (சதுரத் துண்டுகளாக) வெட்டித்தான் வருகிறது. மதுரை எச்25வி08 என்ற டைலில் இருக்கிறது, திருச்சி எச்25வி07-இல்; இரண்டுக்கும் எல்லை அந்தப் பத்தாவது அட்சரேகைதான். நீ ஒவ்வொரு டைலையும் தனித்தனியாக அட்ச-தீர்க்கத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஒட்டியிருக்கிறாய். மாற்றும்போது நிரல் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கும். டைலின் ஓரத்தில் அந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது, காலி மதிப்பான -3000 மட்டும்தான். அது காலி என்று நீ சொல்லாவிட்டால் நிரலுக்கு அதுவும் ஒரு எண்தான். 6000-உம் -3000-உம் சரிபாதி கலந்தால் 1500, குறியீடாக மாற்ற 0.0001-ஆல் பெருக்கினால் 0.15. அபத்தமான எண்ணாக வந்தால் உடனே பிடிபட்டுவிடும். 0.15 கரட்டு நிலம் போலச் சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஆகவே முதலில் தரவு வரும் சைனுசாய்டல் வரைபட முறையிலேயே ஒட்டு, பிறகு மாற்று.

தர அடுக்கிலும் (ஒவ்வொரு பிக்சலையும் எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது) நிலவகை அடுக்கிலும் அக்கம்பக்கத்து எண்களை ஒருபோதும் கலக்காதே. அருகிலிருக்கும் பிக்சலை அப்படியே எடுத்துக்கொள். நிலவகை எண்களில் இலையுதிர் காடு 4, பயிர்நிலம் 12, சராசரி 8. பட்டியலில் 8 என்றால் மரமடர்ந்த சவானா! இன்னொன்று: இந்தக் கட்டம் 6371007.181 மீட்டர் ஆரமுள்ள உருண்டையின் மேல் போடப்பட்டது. ஜிபிஎஸ் பயன்படுத்தும், துருவங்களில் சற்றுத் தட்டையான கோளத்தைக் கொடுத்துவிட்டால் நம் அட்சரேகையிலேயே ஆறு கிலோமீட்டர் தள்ளிப்போகும். வைகை அணையைத் தேடி மலையில் போய் நிற்பாய்.

அடுத்தது, வருடாவருடம் மெல்ல இறங்குகிறது என்று நீ கவலைப்பட்ட குறியீட்டுக் கோடு. உன் கோப்புப் பெயர்களைப் பார்த்தேன், பாதிக்கு மேல் 005, அதாவது மோடிஸ் தரவின் ஐந்தாம் வெளியீடு. அந்த ஐந்தாம் தொகுப்பில் டெர்ராவின் கருவி வயதானதை, குறிப்பாக நீலப் பட்டை மங்கியதை, முழுதாகச் சரிக்கட்டியிருக்கவில்லை. அதனால் பச்சை குறையாத இடத்திலும் குறைந்தது போலக் காட்டியது. ஆறாம் தொகுப்பில் திருத்திவிட்டார்கள். பழையதும் புதியதும் கலந்து ஒரு தொடரை ஓட்டவே கூடாது, முழுவதையும் 6.1 தொகுப்பிலிருந்து எடு. எடுத்த பிறகும் அக்வாவோடு ஒப்பிட்டுப் பார்: டெர்ரா இறங்கி அக்வா இறங்காவிட்டால் இறங்குவது நிலமல்ல, கருவி. அக்வாவின் 16 நாள் கணக்கு எட்டு நாள் தள்ளித் தொடங்கும் என்பதை மட்டும் மறக்காதே. டெர்ராவின் சுற்றுப்பாதையைத் திருத்துவதையும் 2020-இல் நிறுத்திவிட்டார்கள். காலை 10:30-க்குக் கடந்தது இப்போது முன்னதாகவே கடந்துபோகிறது, நிழலின் நீளம் மாறுகிறது.

1981 வரை பின்னோக்கிப் போக ஆசை என்று எழுதியிருக்கிறாய். அந்தக் காலத்துக்கு நோவா செயற்கைக்கோள்களின் ஏவிஎச்ஆர்ஆர் கருவிதான்; அதில் எல்லாமே இதைவிடக் கரடுமுரடு. நோவா-11, நோவா-14 இரண்டும் கடக்கும் நேரம் வருடம் போகப் போக மாலையை நோக்கி நகர்ந்தது. 1991 ஜூனில் பினாடுபோ எரிமலை வெடித்தபின் வானத்தில் நின்ற தூசு குறியீட்டைக் கீழே இழுத்தது. 1994 செப்டம்பரில் நோவா-11 கைவிட்டது. நோவா-13 முந்தைய வருடமே போய்விட்டதால், 1995 தொடக்கம் வரை மதிய வேளைத் தரவே கிடையாது. ஏவிஎச்ஆர்ஆர், மோடிஸ் இரண்டு கருவிகளும் சேர்ந்து ஓடிய வருடங்களை வைத்து ஈடுகட்டாமல் ஒன்றின் வாலில் இன்னொன்றை ஒட்டினால், மோடிஸ் தொடங்கும் 2000-இல் உலகமே ஒரே நாளில் பச்சை மாறிவிடும்.

மேகத்துக்கு வருகிறேன். எதிரொளிக்கும் சிவப்பு 0.05, அண்மை அகச்சிவப்பு 0.35 என்றால், இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்கக் குறியீடு 0.75. லேசான மூட்டம் சிவப்பில் 0.04, மற்றதில் 0.02 கூட்டினாலே 0.61-க்கு விழுந்துவிடும். மேகம் பெரும்பாலும் குறைக்கவே செய்யும் என்பதால்தான் 16 நாளில் உச்ச மதிப்பைப் பொறுக்குகிறார்கள். ஆனால் வெறும் உச்சத்தை எடுத்தால் சாய்வாகப் பார்த்த பிக்சல்கள் அதிகம் உள்ளே வந்துவிடும்; வருடல் ஓரத்தில் ஒரு கிலோமீட்டர் பிக்சல் நாலைந்து கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துகிடக்கும். அதனால் மோடிஸில் முதல் இரண்டு உச்சங்களில் நேர்கீழுக்கு அருகில் பார்த்ததை எடுக்கிறார்கள். நம்பகத்தன்மை அடுக்கில் 0 (நல்ல பிக்சல்) மட்டும் போதும் என்று வடிகட்டினால் ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையே காணாமல் போகும். நான் 0-க்கு முழு எடை, 1-க்கு (சுமாரானது) பாதி, பனி, மேகத்துக்குச் சுழி என்று கொடுத்துவிட்டுத்தான் தொடரின் மேடுபள்ளத்தை மிருதுவாக்குவேன். மூன்று 16 நாள் தவணைக்கு மேல் தொடர்ந்து காலியாக இருந்தால் நிரப்பவே மாட்டேன், காலியாகவே விட்டுவிடுவேன். இட்டுக்கட்டிய கார்காலத்தை யாரோ ஒருவர் கணினி மாதிரியில் போட்டு ஓட்டிவிடுவார்.

2001 ஜூன் பின்பாதியில் டெர்ராவின் மோடிஸ் வேலை செய்யவில்லை. அங்கே வரும் குழியைத் தேடி நேரத்தை வீணாக்காதே.

அடுத்த சோதனைக்கு இலங்கையையும் சேர்ப்பதாக இருந்தால், யாழ்ப்பாணம் மதுரை இருக்கும் டைலிலேயே வந்துவிடும். திருகோணமலையும் மட்டக்களப்பும் எச்26வி08-இல் இருக்கின்றன. அதையும் இறக்கிக்கொள். ஒட்டியதும் பத்தாவது அட்சரேகையைச் சுற்றி ஒரு துண்டு மட்டும் வெட்டி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராஜு