நீக்கு, அகற்று, அழி: தமிழாக்கக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களோடு சேர்ந்து பல ஆண்டுகளாகச் சரங்களை (மென்பொருள் திரையில் தோன்றும் சொற்களையும் வரிகளையும்) மொழிபெயர்த்து வரும் உரிமையில் எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தியின் மடிக்கணினியில் எல்லாவற்றையும் தமிழில் வைத்துக் கொடுத்தவன் நான்தான். கல்யாண ஆல்பத்தில் தேவையில்லாத படங்களைத் தேர்ந்தெடுத்து 'நீக்கு' என்பதை அழுத்தினார். 'நீக்கவா?' என்று கேட்டது, 'சரி' கொடுத்தார். அவர் முன்பு பயன்படுத்திய செயலியில் அந்தச் சொல்லுக்கு ஆல்பத்திலிருந்து எடுத்துவிடு என்று மட்டும்தான் பொருள். படம் கோப்புறையில் பத்திரமாக இருக்கும். இதில் கோப்பே போய்விட்டது. "நீக்குன்னா நீக்குதானேடா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ரிமூவ், டெலிட் என்ற இரண்டையும் இரண்டு குழுக்கள் தனித்தனியே 'நீக்கு' என்று எழுதியிருக்கின்றன. தனியாகப் பார்த்தால் இரண்டுமே பிழையில்லை. கலந்து பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இப்படி இன்னும் எத்தனையோ. சிஸ்டமும் 'அமைப்பு', செட்டிங்கும் 'அமைப்பு', ஆர்கனைசேஷனும் 'அமைப்பு'. விக்கிப்பீடியாவில் எடிட் என்பதற்குத் 'தொகு' என்று பழகியவர், நிரலாக்கப் பக்கம் வந்தால், நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலருக்கும் 'தொகுப்பி' என்று பார்க்கிறார். தமிழ்நாட்டில் 'தொழில்நுட்பம்', இலங்கையில் 'தொழினுட்பம்'. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

கலைச்சொல் பட்டியல்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இரண்டே பத்திகள்: இந்தப் பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் தமிழ். அந்தச் சொல் பொத்தானில் வருகிறதா, தலைப்பில் வருகிறதா, எந்தச் சொற்களை ஏன் ஒதுக்கினோம் என்று எதிலும் இருக்காது. அதனால் புதிதாக ஒருவர் சேரும்போதெல்லாம் பழைய வாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பிரௌசருக்கு உலாவியா, மேலோடியா என்று பேசிய அலுப்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

நான் கேட்பது, எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக ஒரே பட்டியல். ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் இடம், ஓர் எடுத்துக்காட்டுச் சரம், முடிவெடுத்த காரணம், இலங்கை வழக்கு வேறானால் அதுவும். வெப்லேட் என்ற இணையவழி மொழிபெயர்ப்புக் கருவியில் ஏற்றினால் மொழிபெயர்க்கும் சரத்தின் பக்கத்திலேயே சொல் வந்து நிற்கும். விளக்கம் எழுதலாம், தவிர்க்க வேண்டிய சொல் என்றும் குறிக்கலாம். அப்புறம், பொறுப்பாக இரண்டு பேராவது வேண்டும். பட்டியலில் ஒரு சொல் மாறினால் மொழிபெயர்ப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் பழைய பிஓ கோப்புகளில் அதைத் தேடித் திருத்துவதும் அவர்கள் வேலைதான். இதை விட்டுவிட்டால் பட்டியல் ஒரு பக்கம், மென்பொருள் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

முதல் ஐம்பது சொற்களை வரைவாக எழுதி வைத்திருக்கிறேன். டெலிட்டுக்கு 'அழி', ரிமூவுக்கு 'அகற்று' என்பது என் முன்மொழிவு. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். அதையும் அந்தச் சொல்லின் கீழேயே சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்