டைம்டேபிள் போடுகிறவர்களுக்கு ஒரு புது டீச்சர் எழுதுவது

பள்ளி நிர்வாகங்களுக்கு, குறிப்பாக டைம்டேபிள் போடுகிறவர்களுக்கு,

வணக்கம். நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பாடம் நடத்தக் கற்றுக்கொண்டேனா தெரியவில்லை, தண்ணீர் குடிக்காமல் இருக்க நன்றாகவே கற்றுக்கொண்டேன். முதல் வாரமே ஸ்டாஃப் ரூமில் ஒரு அக்கா, "காலையில தண்ணியைக் குறைச்சுக்கோ, மதியம் வரைக்கும் எந்திரிக்க முடியாது" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். இடைவேளை பத்து நிமிடம், அதையும் நோட்டுத் திருத்தமும் பிள்ளைகளின் சண்டைப் பஞ்சாயத்தும் தின்றுவிடும். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான், கிருமி உள்ளே ஏற அதிக தூரம் இல்லை. தண்ணீரும் குடிக்காமல் அடக்கியும் வைத்தால் என்ன ஆகும் என்று இரண்டாம் மாதமே எரிச்சலோடு தெரிந்துகொண்டேன். இத்தனைக்கும் நான் அறிவியல் டீச்சர்.

சரி, என் கதை இருக்கட்டும். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் கை தூக்கினாள். "இப்பதானே இன்டர்வெல் முடிஞ்சுது, உட்கார்" என்றேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி தூக்கினாள், நானும் அதையே மறுபடி சொன்னேன். மணி அடித்து எல்லாரும் கிளம்பியும் அவள் எழுந்திருக்கவில்லை, பென்சில் பாக்ஸைத் திறப்பதும் மூடுவதுமாக எதையோ தேடுகிறவள் மாதிரி இருந்தாள். கடைசிப் பையன் வெளியே போன பிறகு, பையைப் பின்னால் பிடித்தபடி சுவரோரமாக நகர்ந்து போனாள். பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்திருந்தாள், ஓரத்தில் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. அதை நான் துடைத்தேன்.

முதல் சில வருடங்களுக்கு மாதவிடாய் நாள் பார்த்து வருவதில்லை. 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் போய் "முன்னாடியே தயாரா வந்திருக்கணும்" என்பது என்ன நியாயம்? நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், அதிகம் போகிற நாட்களில் அதற்கும் முன்பே.

இருக்கிற நாப்கினோ அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. ஒன்று வேண்டுமென்றால் பதிவேட்டில் பெயர், வகுப்பு, கையெழுத்து. சாக்பீஸ் எடுக்கக்கூட எங்களிடம் இவ்வளவு கேட்பதில்லை. தயவுசெய்து அதைக் கழிவறைக்குள்ளேயே வையுங்கள். காணாமல் போகுமே என்றால் போகட்டும், எடுத்துப் போகிறவளுக்கு வீட்டிலும் தேவை இருக்கும். அப்படியே கதவுக்குத் தாழ்ப்பாளும், மூடியுள்ள ஒரு குப்பைத்தொட்டியும்.

வயிற்றுவலி என்றால் நடிப்பு என்கிறீர்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்ந்து மாதவிடாயில் கடும் வலி தருகிற எண்டோமெட்ரியோசிஸ் என்கிற நோய் ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. ஸ்டாஃப் ரூமையே எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் எங்களுக்கு ஒன்று. ஒவ்வொரு பாடவேளையிலும் வகுப்பில்லாமல் இருக்கிற ஒருவரை, கூப்பிட்டால் ஐந்து நிமிடம் வந்து நிற்கும்படி டைம்டேபிளிலேயே குறித்துவிடுங்கள். இதற்குப் பணம் எதுவும் ஆகாது.

என் வகுப்பில் இப்போது யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணும் சும்மா எழுந்து போய்விட்டு வருகிறாள். நான்தான் இன்னும் மதிய மணிக்காகக் காத்திருக்கிறேன்.