புல்லு மெஷின் ஸ்டார்ட் ஆகலன்னா சீட்டையும் தூக்கிப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த்துல எங்க கோயிலுக்குப் பின்னால ஒரு ஏக்கர் கிட்ட தெடல் இருக்கு. முந்தியெல்லாம் முதுகுல மாட்டுற மெஷின வச்சு ரெண்டு பேரு ரெண்டு நாளா வெட்டுவாங்க, அப்புறம் கமிட்டில காசு சேத்து உக்காந்து ஓட்டுற மெஷின் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தோம். போன மழைல மூணு வாரம் தொடாம கெடந்துச்சு, வெயில் அடிச்சதும் சாவியத் திருப்புனா ஒரு சத்தமும் இல்ல.

கடைலேர்ந்து ஒரு போர்மேன், அதான் மெக்கானிக், வந்தாரு. மீட்டர் கூட எடுக்கல, “பேட்டரி கோங் (செத்துப்போச்சு) அங்கிள், ஸ்டார்ட்டரும் போயிருக்கும், எல்லாம் சேத்து 700 வெள்ளி ஆவும்”னு சொல்லிட்டாரு. நான் ஃபேக்டரி மெயின்டனன்ஸ்ல ரொம்ப வருஷம் இருந்தவன், எனக்கு மனசு கேக்கல. வீட்டுலேர்ந்து மீட்டர கொண்டாந்து வச்சுப் பாத்தா பேட்டரி 12.6 வோல்ட் காட்டுது. அது ஃபுல் சார்ஜ், கோங்காம்!

மெஷின் எப்படி மக்கர் பண்ணுதுன்னு காது குடுத்துக் கேட்டாலே பாதி வேல முடிஞ்சிடும். டிக் டிக்னு மட்டும் அடிச்சா பேட்டரி எறங்கியிருக்கும், இல்ல டெர்மினல்ல பச்சையா வெள்ளையா பூத்திருக்கும், பாடியில முடுக்குற எர்த் வயர் துருப்புடிச்சிருக்கும், நம்ம கடல் காத்துக்கு அது சகஜம். நல்லா சுத்துது ஆனா புடிக்கலன்னா பெட்ரோலையும் பிளக்கையும் பாக்கணும். மாசக்கணக்கா டேங்க்ல கெடந்த பெட்ரோல் பிசுபிசுன்னு ஆகி கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டைய (ஜெட்) அடைச்சிடும். ஒண்ணுமே பேசலன்னாதான் ஃபியூஸ், சேஃப்டி சுவிட்ச் பக்கம் போகணும். பிரேக் பெடல்ல ஒண்ணு, பிளேடு போடுற எடத்துல ஒண்ணு, சீட்டுக்கு அடியில ஒண்ணு இருக்கும். பிளேடு ஆன்ல இருக்குன்னு தெரியாம அரை நாள் மண்டைய ஒடச்சிக்கிட்டவங்களும் இருக்காங்க (நானும் ஒருதடவ).

எங்க மெஷின்ல ஆள் உக்காந்தாதான் ஸ்டார்ட்டர் சுத்தும். சீட்டத் தூக்குனா, தார்ப்பாய் ஓட்டை வழியா மழைத் தண்ணி எறங்கி ஸ்பாஞ்சு பூரா ஊறி, அது சொட்டிச் சொட்டி சுவிட்ச் உள்ளயே துருவா போச்சு, கூட எறும்பு வேற கூடு கட்டியிருக்கு. அமுக்கிப் பாத்தா மீட்டர்ல லைன் வரல. அவ்ளோதான் விஷயம், அந்தச் சின்ன சாமானுக்குத்தான் 700 வெள்ளி.

இதுக்கு மேலதான் எனக்கு கோவம். அந்தப் போர்மேன் கிட்ட காட்டுனா, சாமான் வர ரெண்டு வாரம் ஆவும், அதுவரைக்கும் அந்த சுவிட்ச்சுக்குப் போற ரெண்டு வயரையும் சேத்து முறுக்கிடுறேன், எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்கன்னு சிரிக்கிறாரு, திருவிழா வருதேன்னு கமிட்டியில பாதிப் பேரு அதுக்குத் தலையாட்டுறாங்க. ஓட்டுறவன் பள்ளத்துல குலுங்கி கீழ விழுந்தா இன்ஜின ஆஃப் பண்றதே அந்த சுவிட்ச்தான். முறுக்கி வச்சா ஆள் இல்லாமலே மெஷின் போய்ட்டிருக்கும், அடியில பிளேடு நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் கிட்ட சுத்தும், அந்தத் தெடல்லதான் சாயங்காலம் புள்ளைங்க பந்து ஒதைக்குதுங்க. நான் ஒத்துக்கல. அந்த ரெண்டு வாரமும் பழைய மாதிரி முதுகுல மாட்டித்தான் வெட்டுனோம், திட்டும் வாங்குனேன். சாமான் வந்ததும் பேட்டரி நெகட்டிவ் வயர மொதல்ல கழட்டிட்டு நானே மாத்திட்டேன், பத்து நிமிஷ வேல. இப்ப மழைன்னா சீட்டுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் பையும் மாட்டிடுறோம்.

கோயில்லயோ தமிழ்ப்பள்ளியிலயோ இந்த மாதிரி செகண்ட் ஹேண்ட் மெஷின் வச்சிருக்கவங்க இந்த வாரமே சீட்டத் தூக்கிப் பாருங்க. அங்க ஏற்கனவே யாராவது வயர முறுக்கி டேப் சுத்தி வச்சிருந்தா, புது சுவிட்ச் மாட்டுற வரைக்கும் மெஷின வெளிய எடுக்காதீங்க.

இப்படிக்கு,
கோயில் கமிட்டி உறுப்பினர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு