மெய்யம்மைக்கு அப்பச்சி எழுதுவது

சிவமயம்

அன்புள்ள மெய்யம்மை,

இங்கே எல்லோரும் நலம். பிள்ளையார் நோன்புக்கு அங்கே மாவில் திரி ஏற்றி இழை எடுத்துக்கொண்டீர்களா? உங்க ஆத்தா உங்கள் மூவருக்கும் சேர்த்தேதான் மாவு பிசைந்தாள். வேளைக்குச் சாப்பிடு.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு 'கெட்டிங் பை' என்று மட்டும் அனுப்பியிருந்தாய். இங்கிலீஷ் வாத்தியார் மகள் யோசிக்காமல் எழுதியிருக்க மாட்டாய்.

'கெட்'டுக்குப் பின் லெட்டர் வந்தால் கிடைப்பது, டயர்ட் வந்தால் ஆவது, ஹோம் வந்தால் போய்ச்சேர்வது. ஆள் வைத்துச் செய்வதற்கும் அதே சொல்தான். நம் வீட்டு இரண்டாம் கட்டில் முற்றத்தை ஒட்டி ஒழுகிக்கொண்டிருந்ததே, அந்த ஓடுகளைக் கொத்தனாரை வைத்து மாற்றிவிட்டேன். ஐ காட் த டைல்ஸ் சேஞ்ச்டு. ஏறி மாற்றியது அவர், சொல்லிச் செய்வித்தது நான். பத்தாம் வகுப்பில் இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டவள் நீ. இன்றும் எல்லோரிடமும் சொல்வேன்.

பேரன் 'காட்' என்பதற்குப் பதிலாக 'காட்டன்' (gotten) என்று சொன்னால் திருத்தாதே. அமெரிக்காவில் அது சரிதான். பழைய வடிவம் அது, இங்கிலாந்துக்காரர்கள்தான் கைவிட்டார்கள். 'ஃபர்காட்டன்' என்பதில் அவர்களிடமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஹேவ் காட்' என்றால் கையில் இருக்கிறது, 'ஹேவ் காட்டன்' என்றால் வந்து சேர்ந்தது. அவனுக்கு அந்த வித்தியாசம் தானாக வரும்.

ஆனால் 'பை' சேர்ந்தால், இருப்பதை வைத்து எப்படியோ ஓட்டுவது. வசதியாக இருப்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை. 'காட்' போட்டு 'ஹர்ட்' என்றால் நமக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று பொருள். அப்படி ஒன்றும் இல்லையே? தீபாவளிக்கு அப்புறம் மாப்பிள்ளை ஆபீஸ் பற்றி நீ பேச்சே எடுப்பதில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கெட்டிக்காரர், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். நீயும் அப்படித்தான். இருந்தாலும் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? உங்க ஆத்தா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. மாவுருண்டையும் சீடையும் பார்சல் போட்டிருக்கிறேன்.

ஓட்டு வேலைக்குப் பங்காளிகள் அவரவர் பங்கைக் கொடுத்துவிட்டார்கள். பாங்கில் போட்டிருக்கும் டெபாசிட் தை மாதம் முதிர்கிறது. எனக்கு வேறு செலவு எதுவும் இல்லை, ஆத்தா. எந்தக் கணக்குக்கு அனுப்பவேண்டும் என்று மட்டும் எழுது.

அப்பச்சி