குழு பரிந்துரைக்கும், சம்பளத்தைத் தீர்மானிப்பது விதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசின் எட்டாவது ஊதியக் குழு பற்றிச் செய்தி வரும் நாளெல்லாம் மதுரை ஆட்சியர் அலுவலக வளாகத்திலும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் சார்கருவூலங்களிலும் ஒரே கேள்விதான்: "பேசிக்கை (அடிப்படை ஊதியத்தை) எத்தனையால் பெருக்கப் போகிறார்கள்?" வாட்ஸ்அப்பில் விதவிதமான அட்டவணைகள் சுற்றுகின்றன. அதை நம்பி வீட்டுக்கடன் தவணையைக் கூடக் கணக்குப் போடுகிறார்கள். தமிழக அரசு ஊழியரைப் பொறுத்தவரை அந்தப் பெருக்கல் எண்ணுக்கு இன்று சட்ட மதிப்பு எதுவும் இல்லை.

மத்திய ஊதியக் குழு மத்திய அரசுக்குத்தான் பரிந்துரைக்கிறது. மாநில ஊழியரின் சம்பளத்துக்கு வேர், அரசியலமைப்புச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு. பணி நிபந்தனைகளைச் சட்டமன்றம் சட்டமாக இயற்றலாம். இயற்றாத வரை ஆளுநர் பெயரில் அரசு விதி போடலாம் என்கிறது அது. சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு நாடாளுமன்றச் சட்டம் இருக்கிறது. இளநிலை உதவியாளருக்கும் ஆசிரியருக்கும் அப்படி இல்லை. 2016-இல் இயற்றிய தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம் நியமனம், முதுநிலை, பதவி உயர்வு பற்றிப் பேசுகிறது. ஊதியப் பட்டியல் அதில் கிடையாது. அது இருப்பது நிதித் துறையின் ஊதியப் பிரிவு வெளியிட்ட திருத்திய ஊதிய விதிகளில். இப்போது நடப்பில் உள்ளவை 11.10.2017 நாளிட்ட அரசாணை (நிலை) எண் 303-இல் வந்த விதிகள்.

அந்த விதிகளும் மத்திய அரசு அறிவித்ததும் தானாக வந்தவை அல்ல. 2017 பிப்ரவரியில் மாநில அரசு ஓர் அலுவலர் குழு அமைத்தது. செப்டம்பரில் அறிக்கை வந்தது. அதற்குப் பிறகே அரசாணை. கருத்தியலாக (அதாவது கணக்கில் மட்டும்) 1.1.2016 முதல், பணப்பயன் (கையில் பணம்) 1.10.2017 முதல் என்று இரண்டு தேதிகள். இடைப்பட்ட 21 மாதத்துக்கு நிலுவை கிடையாது. இந்த இரண்டு தேதிகளைக் குழப்பிக்கொண்டு "அரியர் எப்போது?" என்று கேட்டவர்கள் ஏராளம்.

விதி வந்த பிறகு உங்கள் சம்பளத்தை முடிவு செய்வது, பணிப்பதிவேட்டில் ஒட்டப்படும் ஒரு தாள்தான்: ஊதிய நிர்ணயப் படிவம். எடுத்துக்காட்டாக, பழைய ஊதியம் 5,200, பதவிக்கேற்ப அதோடு சேரும் தர ஊதியம் 2,400, கூட்டினால் 7,600. 2017 விதிகளின் பெருக்கல் எண்ணான 2.57-ஆல் பெருக்கினால் 19,532. இந்தப் பதவிக்கான ஊதியப் படிவரிசையான ஊதிய நிலை 8-இல் முதல் கட்டம் 19,500, இரண்டாவது 20,100. 19,532 என்று ஒரு கட்டம் இல்லை. அப்படி இல்லாதபோது அடுத்த மேல் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பது விதி; ஆக 20,100. ரூபாய்க்கு மட்டும்தான் முழுமையாக்கல், கட்டத்துக்கு இல்லை. "32 ரூபாய்தானே" என்று 19,500-இல் நிறுத்தினால் மாதம் 600 ரூபாய் போகும். அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் சதவீதம் என்பதால் அதுவும் சேர்ந்து குறையும். 3 சதவீத ஆண்டு ஊதிய உயர்வும் அந்தத் தாழ்ந்த கட்டத்திலிருந்தே நகரும். தொடக்கத்தில் விழுந்த பிழை ஓய்வூதியம் வரை கூடவே வரும்.

விதியிலேயே பிழை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இடைநிலை ஆசிரியர்களே சாட்சி. 2009 திருத்தத்தில் ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்குப் பழைய ஊதிய விகிதத்தின் தொடக்கமான 4,500-ஐ அன்றைய பெருக்கல் எண்ணான 1.86-ஆல் பெருக்கி 8,370 கிடைத்தது. 1.6.2009-க்குப் பின் நியமனமானவர்களுக்கோ ஊதியக் கட்டின் அடிமட்டமான 5,200. தர ஊதியம் இருவருக்கும் 2,800. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. வித்தியாசம் 3,170 ரூபாய். மத்திய அரசின் 2008 விதிகளில் நேரடியாக நியமனமாகிறவர்களுக்கான தொடக்க ஊதியம் தனி அட்டவணையாக இருந்தது. புதிதாக வருகிறவர் எங்கே நிற்பார் என்பதை இங்கே அப்படித் தெளிவாக எழுதவில்லை. 2017-இல் 2.57 வந்ததும் அந்த இடைவெளியும் சேர்ந்து பெருகியது. இடையில் வந்த ஆண்டு உயர்வுகளை விட்டுவிட்டுத் தொடக்கத்தை மட்டும் பார்த்தாலே, புதியவரின் 8,000 (5,200 + 2,800) என்பது 20,560 ஆகி நிலை 10-இல் 20,600-இல் நிற்கிறது. பழையவரின் 11,170 (8,370 + 2,800) என்பது 28,707 ஆகி 29,400-க்குப் போகிறது. 3,170 ரூபாய் வித்தியாசம் 8,800 ஆகிவிட்டது. பெருக்கல் எண் எவ்வளவு பெரிதாக வந்தாலும் இந்தப் பள்ளம் மூடாது, இன்னும் அகலமாகும். இந்த ஆசிரியர்கள் திரும்பத் திரும்பத் தெருவுக்கு வருவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது பதவி உயர்வு. இதில் ஊழியரின் கையிலேயே ஒரு முடிவு இருக்கிறது. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நிலை 8-இல் 24,700 வாங்கும் இளநிலை உதவியாளர் பிப்ரவரியில் உதவியாளர் ஆகிறார். அவருடைய இன்கிரிமென்ட் (ஆண்டு ஊதிய உயர்வு) தேதி ஏப்ரல் 1 என்று வைத்துக்கொள்வோம். பதவி உயர்வு நாளிலேயே நிர்ணயித்தால் பழைய நிலையில் ஒரு உயர்வு சேர்த்து 25,400. அதற்கு மேல் நிலை 10-இல் உள்ள கட்டம் 26,100. இன்கிரிமென்ட் தேதியிலிருந்து நிர்ணயிக்க விருப்பம் தெரிவித்தால் இரண்டு மாதம், நிலை 10-இல் 24,700-க்கு அடுத்த மேல் கட்டமான 25,300-இல் இருப்பார். ஏப்ரலில் 25,400, அதன்மேல் ஒரு உயர்வு 26,200. நிலை 10-இல் 26,900. இரண்டு மாதத்தில் 1,600 ரூபாய் குறைகிறது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மாதம் 800 கூடுகிறது. இன்கிரிமென்ட் தேதி அருகில் இருந்தால் காத்திருப்பது லாபம். பத்து மாதம் தள்ளி இருந்தால் இழப்பே முன்னால் நிற்கும், கணக்குப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். விருப்பக் கடிதத்தைக் கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்து, அது பணிப்பதிவேட்டில் பதிவானதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வாயால் சொன்னது விருப்பம் ஆகாது.

பிழை ஊழியருக்குச் சாதகமாக விழுந்தாலும் நிம்மதி இல்லை. ஓய்வு நெருங்கி, ஓய்வூதியக் கருத்துரு போகும்போதுதான் தணிக்கை பிடிக்கும். பிறகு லட்சக்கணக்கில் பிடித்தம். 2014 டிசம்பரில் ரஃபீக் மசீ வழக்கில் உச்ச நீதிமன்றம், சி, டி பிரிவு ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாக வழங்கிய தொகைக்கும் பிடித்தம் கூடாது என்றது. ஆனால் 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில், கூடுதலாகப் பெற்றால் திருப்பித் தருவேன் என்று உறுதிமொழி கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்றும் சொல்லியிருக்கிறது. விருப்பப் படிவத்தோடு வரும் உறுதிமொழியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது இங்கேதான் கடிக்கும். முன்னறிவிப்பும் விளக்கம் கேட்கும் கடிதமும் இல்லாமல் பிடித்தம் தொடங்கினால் மதுரை உயர் நீதிமன்றக் கிளையை நாடலாம். அதற்கு முன் பணிப்பதிவேட்டின் நகலைக் கையில் வைத்திருங்கள். விதி கொடுத்ததை ஒரு தெளிவுரைக் கடிதத்தால் பறிக்க முடியாது என்பதையும் மனுவில் எழுதுங்கள். நிர்வாக அறிவுறுத்தல் விதியின் இடைவெளியை நிரப்பலாம், விதியை மீற முடியாது.

மாநில அரசு அடுத்த திருத்தத்துக்குக் குழு அமைக்கும்போது எங்கள் வேண்டுகோள் இது. வரைவு விதிகளை முதலில் வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். அரசாணை நாளுக்குப் பின் நியமனமாகிறவருக்கு எந்தக் கட்டம், திருத்தம் நடைமுறைக்கு வரும் அதே காலாண்டில் பதவி உயர்வு பெறுகிறவருக்கு எந்தக் கட்டம் என்று மாதிரிக் கணக்குகளை இணைப்பாகவே தர வேண்டும். 2009-இல் அப்படி ஒரு பக்கம் இருந்திருந்தால் அந்த 3,170 ரூபாய் அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஊதியச் செய்திகளில் "பரிந்துரை" எது, "விதி" எது என்று பிரித்து எழுதுங்கள். கருத்தியல் தேதியையும் பணப்பயன் தேதியையும் தனித்தனியாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அரசுக் கணக்குப் பணியிலிருந்து ஓய்வுபெற்றோர் சிலர்,
மதுரை.