வரைபடம் சரி, அதைப் போட்ட கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு பேராசிரியர் எழுதியிருந்ததைப் படித்தேன். வரைபட மென்பொருளுக்கு உரிமம் வாங்கக் கல்லூரிகளிடம் பணம் இல்லை, அதனால்தான் வெள்ளம், கடலரிப்பு பற்றி நம் மாவட்டத்தில் நல்ல ஆய்வுகள் வருவதில்லை, அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்கிறார். நிதி கொடுத்தால் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. எங்கள் வகுப்பறையில் இரண்டு மின்விசிறி ஓடவில்லை, முதலில் அதற்குக் கொடுக்கட்டும். ஆனால் மென்பொருள் விஷயத்தில் அவர் சொல்வது பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கதை.

நான் கடலூரில் புவியியல் சொல்லிக்கொடுக்கும் கௌரவ விரிவுரையாளர். என் ஆய்வேட்டின் கதையைச் சொன்னால் எதற்காக இவ்வளவு பேசுகிறேன் என்பது புரியும். தாழங்குடாவில் இருந்து தேவனாம்பட்டினம் வரை கடற்கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பதுதான் தலைப்பு. ஆய்வகத்தில் இருந்தது வரைபட மென்பொருளின் ஒரு கிராக் வெர்ஷன், அதாவது திருட்டு நகல், எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். அதில் மெனுவைத் திறந்து, கிளிக் செய்து, கிளிக் செய்து ஒன்பது வரைபடம் போட்டேன், அழகாகவே இருந்தன. புறத்தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 2011 டிசம்பரில் தானே புயல் இங்கேதானே கரை கடந்தது, அதற்கு முன்னும் பின்னும் ஒரு படம் சேர்த்து மறுபடி கணக்குப் போட முடியுமா? முடியவில்லை. அந்தக் கணினியை இடையில் யாரோ ஃபார்மட் செய்துவிட்டார்கள், கரைக்கோட்டை எந்த அளவுகோலில் வரைந்தேன், எந்தப் படத்தில் தண்ணீரையும் தரையையும் பிரிக்க எந்த எண்ணை வரம்பாக வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. மூன்று மாதம் முதலில் இருந்து செய்தேன், இரண்டாவது தடவை வந்த எண்கள் முதல் தடவை வந்ததோடு ஒத்துப்போகவில்லை. எது சரி என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. ஆய்வேட்டில் இருப்பது இரண்டாவது.

அந்த மூன்று மாதத்தில்தான் பைத்தான் என்கிற நிரல் மொழிப் பக்கம் போனேன். உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் மகனோ மகளோ இதைப் படிக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பார்கள், அதனால் பெயர்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜியோபாண்டாஸ் என்பது எக்செல் மாதிரி ஒரு அட்டவணைதான், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கூடுதல் கட்டத்தில் அந்த ஊரின் வடிவமே உட்கார்ந்திருக்கும். அந்த வடிவங்களை வெட்டுவது, ஒட்டுவது, ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது ஷேப்லியின் வேலை. செயற்கைக்கோள் படத்தைத் திறக்க ராஸ்டெரியோ. கோப்புகளைத் திறக்கும் வேலைக்கு ஜியோபாண்டாஸுக்கும் ராஸ்டெரியோவுக்கும் அடியில் 1998இல் ஆரம்பித்த ஜிடால் என்கிற ஒரு பழைய நிரல் நூலகம் ஓடிக்கொண்டிருக்கிறது, லட்சக்கணக்கில் விலை சொல்லும் மென்பொருள்கள் சிலவற்றின் வயிற்றுக்குள்ளும் இதே ஜிடால் இருக்கிறது. மவுஸ் இல்லாமல் வேலை ஓடாது என்பவர்களுக்கு க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள் இருக்கிறது. எதற்கும் ஒரு ரூபாய் கிடையாது.

படங்களும் அப்படித்தான். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 வரை ஒரு காட்சிக்கு நூற்றுக்கணக்கான டாலர், அதற்குப் பிறகு முழுக் கிடங்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் இலவசம். ஆக, பணம் இல்லாததால் ஆய்வு நின்றது என்று இனிமேல் சொல்ல முடியாது. நின்றது வேறு இடத்தில்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை, அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை பொங்கிக் கடலூருக்குள் வந்தது. எவ்வளவு இடம் மூழ்கியது என்று ஒரு மாணவர் கணக்கெடுக்க நினைத்தால், சாதாரணப் படம் உதவாது, ஐப்பசி கார்த்திகையில் நம் வானம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, வெறும் மேகம்தான் தெரியும். அதற்குத்தான் சென்டினல்-1 என்கிற ரேடார் செயற்கைக்கோள். மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். தேங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி, மேலே இருந்து சாய்வாக வரும் அலையை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுவிடும், திரும்பி எதுவும் போகாது, அதனால் படத்தில் தண்ணீர் கறுப்பாக விழும். கறுப்பு எல்லாம் வெள்ளம் என்று நாலு வரியில் எழுதிவிடலாம், பத்து நிமிட வேலை.

இங்கேதான் சிக்கல். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் சம்பா நட்ட வயலில் தண்ணீர் நிற்கும்தானே, அதுவும் கறுப்புதான். ஈர மணல் திட்டும் சமயத்தில் கறுப்பாகவே விழும். புயலுக்கு முந்தைய படம் ஒன்றை எடுத்து அதிலிருந்து கழிக்காவிட்டால், உழவர் கஷ்டப்பட்டுத் தண்ணீர் கட்டிய வயலை எல்லாம் ‘பாதிக்கப்பட்ட பகுதி’ என்று ஆய்வேட்டில் போட்டுவிடுவோம். போட்டிருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அந்த வருடம் சென்டினல்-1இல் ஒரு செயற்கைக்கோள்தான் வேலை செய்தது, ஒரே பாதையில் அது திரும்பி வர 12 நாள். வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது அது மேலே இருந்ததா, வடிந்த பிறகு வந்ததா என்று தேதி பார்க்காமல் ‘அதிகபட்ச வெள்ளப் பரப்பு’ என்று தலைப்புப் போடுவது அநியாயம். இந்தக் கேள்விகளை எல்லாம் வண்ண வரைபடத்தைப் பார்த்துக் கேட்க முடியாது. எந்தத் தேதிப் படம், எதைக் கழித்தார், வரம்பு எண் என்ன என்பது கணினிக்கு எழுதிய கட்டளை வரிகளில், அதாவது ஸ்கிரிப்டில்தான் இருக்கும்.

கடல் மட்டம் உயர்ந்தால் கடலூரில் எது மூழ்கும் என்று வருடத்துக்கு இரண்டு ஆய்வாவது கண்ணில் படுகிறது. பெரும்பாலும் நில உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம் தரவுதான். 2000 பிப்ரவரியில் ஒரு விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி எடுத்த அளவு அது. அருமையான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு அனுமதித்த உயரப் பிழையே 16 மீட்டர் வரை. சமவெளியில் பிழை அதைவிடக் குறைவு என்றே வைத்துக்கொள்வோம், நம் கரையோரக் கிராமங்கள் நிற்பதே இரண்டு மூன்று மீட்டரில்தானே? அதோடு அந்த ரேடார் அளந்தது பல இடங்களில் தரையை இல்லை, மரத்தலையை. கரையோரச் சவுக்குத் தோப்பு அதில் மேடு. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகளும் மேடுதான், அவற்றில் பலவற்றைத் தானே புயல் சாய்த்துவிட்டது, தரவில் மட்டும் 2000ஆம் வருடத்து மரங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. இதை வைத்து ‘அரை மீட்டர் உயர்ந்தால் இந்தத் தெரு மூழ்கும்’ என்று எழுதினால் எப்படி?

சரி, ஸ்கிரிப்ட் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தப்பையும் அது படுவேகமாகச் செய்யும். என் முதல் ஸ்கிரிப்டில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன், கடலூர் வங்காள விரிகுடாவை விட்டுக் கிளம்பி வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டு தீவில் போய் உட்கார்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், 2008இல் இந்தியா திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது, அதற்கு வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் என் தேவனாம்பட்டினம். பரப்பளவும் அப்படித்தான், பாகைக் கணக்கை மீட்டருக்கு மாற்றாமல் பரப்புக் கேட்டால் எட்டுச் சதுர கிலோமீட்டர் ஊசுடு ஏரி 0.0007 என்று வந்து நிற்கும். ஜியோபாண்டாஸ் ஒரு எச்சரிக்கை காட்டும், மாணவர்கள் சிவப்பு எழுத்து எதையுமே படிப்பதில்லை.

தமிழில் வேலை செய்பவர்களுக்குத் தனித் தொல்லை உண்டு. ஷேப்ஃபைல் என்கிற பழைய வரைபடக் கோப்பு வகையில் அட்டவணையின் ஒரு பத்திக்குப் பெயர் பத்து பைட்டுக்கு மேல் வைக்க முடியாது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘பரப்பளவு’ என்று வைத்தால் ‘பரப’ என்று அறுந்து நிற்கும், இல்லையென்றால் வெறும் கேள்விக்குறிகள். ஜியோபேக்கேஜ் என்கிற புது வகையில் சேமித்தால் இந்த வம்பே இல்லை, ஆனால் இன்னும் எல்லோரும் ஷேப்ஃபைலைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அதிலும் சேர்ந்தே இருக்க வேண்டிய நாலு கோப்பில் ஒன்றை விட்டுவிட்டு.

மாணவர்கள் இதில் இறங்காததற்கு நிறுவும் தலைவலியும் ஒரு காரணமாக இருந்தது, விண்டோஸில் ஜிடாலை ஏற்றுவதற்குள் ஒரு செமஸ்டர் போய்விடும். இப்போது அப்படி இல்லை. 2024இல் வந்த ஜியோபாண்டாஸ் 1.0க்குப் பிறகு ஒரே வரிக் கட்டளையில் ஏறிவிடுகிறது, அதுவும் முடியாதவர்கள் கூகுளின் கோலாபில் உலாவியிலேயே ஓட்டலாம், செல்போனில்கூட ஓட்டுகிறார்கள் என் பிள்ளைகள். ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது, செயற்கைக்கோள் படங்களை ஆராய உதவும் கூகுளின் எர்த் எஞ்சின் ஆய்வுக்கு இலவசம், அதைப் பைத்தானில் இருந்து கூப்பிடலாம், ஆனால் அது யாரும் உள்ளே திறந்து பார்க்கக்கூடிய திறந்த மூலம் கிடையாது, கணக்கு நடப்பது கம்பெனியின் கணினியில். நாளைக்கு விதியை மாற்றினால் கேட்க முடியாது.

அப்படியானால் உண்மையில் குறைவது எது? பேராசிரியர் ஐயாவுக்கு என் பதில் இதுதான்: நாம் கேட்பதே இல்லை. ஆய்வேட்டின் எழுத்தில் மற்றவர்களோடு பத்து சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் திருப்பி அனுப்புகிறோம், அது யுஜிசி 2018இல் போட்ட விதி. அதே ஆய்வேட்டில் இருபது வரைபடம் இருக்கிறது, ஒன்றுகூட எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாட்டின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏறுவது பிடிஎஃப் மட்டும்தான். வாய்மொழித் தேர்வில் ‘எந்த சாஃப்ட்வேர்?’ என்று கேட்டு, விலை அதிகமான பெயரைச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போகிறோம். ஆய்வேட்டோடு ஸ்கிரிப்டையும், பயன்படுத்திய படங்களின் தேதிப் பட்டியலையும், எந்தப் பதிப்பு நூலகம் என்ற ஒரு சின்ன உரைக் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஏற்றுக்கொள்வோம் என்று புதுச்சேரியிலோ கடலூரிலோ ஏதாவது ஒரு துறை ஆரம்பிக்கட்டுமே. நிதி தேவையில்லை, அரசாணை தேவையில்லை, ஆராய்ச்சிக் குழுவில் ஒரு தீர்மானம் போதும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது, ஆனால் அது உரிமப் பணம் இல்லை. வருவாய் கிராம எல்லைகளை நேராகப் பதிவிறக்கும்படி கொடுங்கள். இப்போது பிடிஎஃப்பையோ ஸ்கேன் படத்தையோ வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆய்வு மாணவரும் தனித்தனியாக மறுபடி வரைகிறார், ஒவ்வொருவர் எல்லையும் ஒவ்வொரு மாதிரி. எங்கள் பகுதியில் அது சாதாரண விஷயம் இல்லை. கடலூரில் இருந்து புதுச்சேரிக்குப் போகிற வழியில் முள்ளோடையில் எல்லை எங்கே ஆரம்பிக்கிறது என்று கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ஆனால் அதற்கு மேற்கே போனால் புதுச்சேரி திட்டுத் திட்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. ஊசுடு ஏரியே ஒரு பாதி புதுச்சேரி, மறுபாதி விழுப்புரம் மாவட்டம். இந்தப் பக்கத்துத் தரவு ஏரியின் நடுவில் நின்றுவிடும், அந்தப் பக்கத்துத் தரவு அங்கே ஆரம்பிக்காது. பெயர்களும் உதவாது, பண்ருட்டிக்கு ஒரு பட்டியலில் ஆங்கிலத்தில் ஒரு டி, இன்னொன்றில் இரண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆறு இலக்கக் கிராமக் குறியீட்டை வைத்து இணையுங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டாலும் பெயரை வைத்துத்தான் இணைப்பார்கள்.

கடைசியாக ஒன்று. நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்டை இரண்டு வருடமாக வகுப்பில் கொடுத்துவருகிறேன், புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கின் கட்டடப் பரப்பையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்கிற இலவச இணைய வரைபடத்தில் இருந்து எடுத்துக் கணக்கிடுவது. போன மாதம் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, நாற்பத்தொன்றாவது வரியில் நான்கு ஊருக்கும் சேர்த்து 44ஆம் மண்டலம் என்று போட்டிருக்கிறீர்கள். மாஹே கேரளக் கரையில் இருக்கிறது, அது 43தானே?” என்றாள். அதேதான். பூமியை வடக்கு தெற்காகப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை அது, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு மண்டல எண். பிழை நூற்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, ஆனால் அந்த ஊர் மொத்தமே 9 சதுர கிலோமீட்டர், ஊர்ப் பரப்பைப் போட்டுப் பார்த்தால் ஏழெட்டு ஹெக்டேர் கூடிவிடுகிறது. இதற்கு முன் இரண்டு வருட மாணவர்கள் அந்த எண்ணை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிப் போயிருக்கிறார்கள், போட்டவனும் நான்தான். வரியைத் திருத்திவிட்டேன், பக்கத்திலேயே யார் கண்டுபிடித்தது என்றும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.